பிரேக்கில் காற்று

பிரேக்கில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக் பெடலை, அந்த மிதியை, மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, நிப்பிள் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதித்தவர் மிதித்தபடியே பிடித்திருக்கும்போதுதான் திருகைத் திறக்கலாம். எண்ணெயோடு சேர்ந்து காற்றும் குமிழி குமிழியாக வெளியே போகும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் போன காற்று வந்த வழியே உள்ளே திரும்பிவிடும், பிரேக் பிடிக்காது, அதுவரை பார்த்த வேலையெல்லாம் பாழ். இவ்வளவுதான் சங்கதி. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு கால் இருந்தால் போதும்.

மணிமுத்து வீட்டில் அந்தக் கால் அவர் மனைவி மாரிச்செல்வியுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் மிதித்தாள்.

வண்டி அறுபத்தேழாம் வருஷத்து ஃபியட். சிவகிரியில் ஒரு வக்கீல் வீட்டு மாட்டுத்தொழுவில் கேட்பாரற்று நின்றது. மணிமுத்து அதைப் பார்க்கப் போனபோது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கட்டும் என்று பத்து நாள் பொறுத்திருந்து, பிறகு லாரியில் ஏற்றி மேலகரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்த மனிதருக்கு அதுவரை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கூடப் பழக்கமில்லை. புத்தகம் பார்த்துப் படித்தார், கழற்றினார், மாட்டினார், மிஞ்சின நட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். நாலு வருஷம் கழித்து வண்டி ஓடியது. பிஸ்தா பச்சை அடித்தார். அதன் பிறகும் அது ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம்தான் வெளியே போனது. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் ஜாக்கி மேல் நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டது. "ஊர்ல உள்ளவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போகக் காரு வாங்குதான், நீங்க படுத்துக்கிடுததுக்கு வாங்கிருக்கிய" என்பாள் மாரிச்செல்வி. அதற்கு அவர் ஒன்று சொல்வார், இவள் இரண்டு சொல்வாள். அந்த வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை, குற்றாலத்தில் சீசன் தொடங்குமுன் ஒன்று, தீபாவளிக்கு முன் ஒன்று, பிரேக் எண்ணெய் மாற்றி காற்று எடுப்பது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஏட்டி, கொஞ்சம் வா" என்று சத்தம் வரும். இவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்காருவாள். அவர் கீழே போய்விடுவார். அதற்குப் பிறகு மூன்றே மூன்று சொல்தான். மிதி. பிடி. விடு. நாலு சக்கரத்துக்கும் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

போன சித்திரையிலும் அப்படித்தான் நடந்தது. முற்றத்தில் பழைய வேட்டியை விரித்து அவள் கூழ்வத்தல் காயப் போட்டிருந்தாள். மலையில் தீனி இல்லாத மாதம். குற்றாலத்துக் குரங்கெல்லாம் மேலகரத்தில்தான் குடியிருந்தன. கடைசிச் சக்கரம். கீழேயிருந்து "பிடி" என்றார். பிடித்திருந்தாள். அப்போது மதில்மேலிருந்து ஒரு குரங்கு குதித்து, வேட்டியோடு சேர்த்து வத்தலை அள்ளியது.

"ஏய்! சூ! செத்த மூதி, போ!" என்று கத்திக்கொண்டே மாரிச்செல்வி பாதி எழுந்துவிட்டாள். கால் மேலே வந்துவிட்டது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். உடனே உட்கார்ந்து மறுபடி மிதித்துக்கொண்டாள். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து "விடு" என்று மட்டும் வந்தது. காலை எடுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார், இன்னும் ஒரு மணி நேரம் போகும், அதற்குள் குரங்கு மிச்ச வத்தலையும் தின்று தீர்க்கும் என்று நினைத்தாள். வத்தல்தான் அப்போது பெரிசாகத் தெரிந்தது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார் மணிமுத்து. பிரேக் வேலை பார்த்த நாளெல்லாம் அப்படி ஒரு ரவுண்டு போவார். பத்தே கால் மணி. பன்னிரண்டரை மணிக்குப் போன் வந்தது. ஐந்தருவி ரோட்டில் வண்டி ஒரு மருதமரத்தில் முட்டி நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறோம் என்றார்கள். இவள் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை.

மாரிச்செல்வியின் அண்ணன் சங்கரபாண்டி வேறு மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டர். அந்தக் குடும்பத்தில் வயலுக்குப் போனவர்களைவிட போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள்தான் இப்போது அதிகம். அண்ணன் வந்து இறங்கியதும் போனை எடுத்து யார் யாரிடமோ பேசினார். "எங்க மச்சான் உடம்புல கத்தி படக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். சாயங்காலத்துக்குள் உடம்பையும் வாங்கிவிட்டார், வண்டியையும் இழுத்து வந்து ஷெட்டில் விட்டுவிட்டார். அறுக்காமல் கொண்டு வந்துவிட்டான் என்று பதினாறாம் நாள் பந்தியில்கூட அவரைப் பற்றித்தான் பெருமை. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அவர் பாசத்தில்தான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதயம் முதலில் நின்றதா, மரம் முதலில் மோதியதா என்று சொல்லியிருக்கக் கூடிய ஒரே காகிதமான பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதோடு இல்லாமல் போயிற்று.

தங்கைக்கு ஆறுதலாக அவர் ஒன்று சொன்னார். "ரோட்டுல டயர் தேச்ச தடமே இல்லட்டி. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். பிரேக்கே மிதிக்கல அவரு. அதுக்கு முன்னாலயே உசுரு போயிருக்கு. மச்சானுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

மாரிச்செல்வி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மிதித்தும் பிரேக் பிடிக்காவிட்டாலும் ரோட்டில் தடம் இருக்காது. மரம் எதிரே வர வர அவர் மிதிக்கிறார், மிதிக்கிறார், மிதி பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போகிறது. இவள் உள்ளே விட்ட காற்று. ஒரு படி கூழ்வத்தலுக்காக விட்ட காற்று.

அன்றைக்கு வாயை மூடியவள்தான். அழவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். சில பேர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள், சில பேர் பாவம், அதிர்ச்சி என்றார்கள். அவளுக்கு இரண்டும் எட்டவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல அவள் நாட்களைக் கடந்தாள். குழம்பில் உப்பே இல்லை என்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் சொன்னபோது, இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போனாள். டிவி ஓடியது. கரண்ட் போனால் நின்றது. வந்தால் ஓடியது. அவள் அதன் முன்னால் இருந்தாள்.

ஆனி மாதம் தண்ணீர் விழத் தொடங்கியதும் அண்ணன் பெண்டாட்டி வந்து அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலையில் தண்ணீர் விழுந்தால் புத்தி தெளியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பெண்கள் பக்கம் ஒரே கூச்சலும் சிரிப்பும். மலை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் உச்சந்தலையில் கல் எறிவதுபோல எறிந்தது. மாரிச்செல்வி அப்படியே நின்றாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரி விசில் ஊதி, பெயர் தெரியாமல் "ஏ பச்சைச் சேலை, வெளிய வா" என்று கூப்பிடும்வரை நின்றாள்.

"குளுந்துச்சா மாரி?" என்று மதினி கேட்டாள்.

"ம்" என்றாள். குளிர்ந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குள் முழித்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் நிற்கிற வண்டிக்குள் அந்த மிதி இருக்கிறது. பிரேக்கில் காற்று இருந்தால் அது தானாக எங்கும் போய்விடாது, மூன்று மாதம் ஆனாலும் அங்கேயேதான் கிடக்கும். போய் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தால் தெரிந்துவிடும். கல் மாதிரி நின்றால் அவள் கொல்லவில்லை. பஞ்சு மாதிரி போனால் அவள்தான் கொன்றாள். சாவியை எடுத்துக்கொண்டு மூன்று தடவை ஷெட் வரைக்கும் போனாள். தார்ப்பாயைத் தூக்கினாள். கார்க் கதவைத் திறக்கக் கை போகவில்லை. திரும்பி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தார். புனலூரில் ஒரு ஆள் பழைய வண்டிகளாகச் சேர்க்கிறானாம். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பானாம். ஓடுகிற வண்டியாக இருந்தால்தான் எடுப்பானாம்.

"அதப் பாக்கப் பாக்கத்தான் உனக்கு இப்படி இருக்கு. கண்ணுக்கு மறைவாப் போயிட்டா மனசு தேறும். நான் ஒரு மெக்கானிக்க அனுப்புதேன்" என்றார்.

அண்ணன் அனுப்புவதற்கு முன்னால், மறுநாள் காலையிலேயே, ஒரு ஆள் டூல் பெட்டியோடு வாசலில் நின்றான். நாற்பது வயசு இருக்கும். தாடியில் ஓரிரண்டு நரை. அவர் இறந்த அன்று துஷ்டி வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுப் போன முகம் என்று அவளுக்கு நினைவு வந்தது.

"நான் இலஞ்சியில ஷெட் வச்சிருக்க ஆசிக். முகம்மது ஆசிக்குன்னு அண்ணாச்சி சொல்லிருப்பாவ" என்றான். "வண்டிய விக்கப் போறதாக் கேள்விப்பட்டேன்க்கா. நான் பாத்துத் தாரேன். வேற யாரையும் தொட விடாதீங்க."

ஸ்பேர் சாமான் வாங்குகிற கடைக்காரன் என்ற அளவில் மணிமுத்து அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா, நல்ல சாமானாகப் பார்த்துக் கழற்றிக்கொண்டு போக வந்திருப்பான் என்று மாரிச்செல்வி நினைத்தாள். நினைத்தாளே தவிர, கழற்றிக்கொண்டு போனால் போகட்டும் என்றும் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஆசிக் இரண்டு நாள் வேலை பார்த்தான். முன்னால் நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்தினான். ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். வளைந்த ஃபேனை மாற்றினான். சாமான் ஒன்றும் காணாமல் போகவில்லை. கொடுத்த டீயைக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். மணிமுத்துவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் கேட்காத ஆளை அவள் மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அது ஒரு சௌகரியமாக இருந்தது. சமையல் நேரம் போக மற்ற நேரம் ஷெட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் எஞ்சின் ஓடியது. அந்த இருமலும் அதற்குப் பிறகு வருகிற சீரான சத்தமும் வீடு முழுக்கக் கேட்டன. கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஆசிக் வண்டியை மெதுவாக முற்றத்துக்கு எடுத்தான், திரும்ப உள்ளே விட்டான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அவன் நிறுத்துவதற்கு ஹேண்ட் பிரேக்கைத்தான் இழுக்கிறான். ஷெட்டுக்குள் போகும்போது சக்கரத்துக்கு முன்னால் முன்கூட்டியே கட்டையைப் போட்டுவிட்டுப் போனான். கால் பிரேக்கை அவன் இரண்டு நாளில் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. தூசி துடைக்கும்போதுகூட அவன் துணி அந்த மிதியைச் சுற்றிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை காலையிலிருந்தே சாரல். ஆசிக் வந்து நாலு பக்கமும் ஜாக்கி கொடுத்து, சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். பிறகு அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

"பிரேக் ஒண்ணுதான் பாக்கி. ஒரு ஆள் உக்காந்து மிதிக்கணும்க்கா."

"அத ஏன் கடைசில வச்சிய?"

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மாரிச்செல்வி எழுந்து போனாள். மூன்று மாதமாகத் திறக்க முடியாத கதவை, பக்கத்தில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டு நின்றதால், திறந்துவிட்டாள். சீட்டில் உட்கார்ந்தாள். பெட்ரோலும் பழைய ரெக்சினும் கலந்த அதே வாடை. காலைத் தரையில் வைத்தாள். மிதி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கால் அங்கே போக மறுத்தது. இனிமேல் மறைக்க முடியாது, மிதித்தவுடன் இந்த ஆளுக்கும் தெரிந்துவிடும். தானாகத் தெரிவதைவிடச் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்குக் காலம்பற நாந்தான் மிதிச்சேன். அவிய பிடின்னு சொல்லிருக்கும்போது நான் காலை எடுத்துட்டேன். குரங்கு வந்து வத்தல அள்ளிட்டு. அத வெரட்டப் போயி எடுத்துட்டேன். காத்து உள்ள போயிட்டு. நான் அவியகிட்டச் சொல்லவே இல்ல. அப்படியேதான் வண்டிய எடுத்துட்டுப் போனாவ."

பெற்ற மகளிடம் சொல்லாததை முன்பின் பேசியிராத ஒருவனிடம் சொல்லியாயிற்று. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ஆசிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"குரங்கு வந்தது. அண்ணாச்சி சொன்னாவ. அன்னைக்குப் பத்தரைக்கெல்லாம் நம்ம ஷெட்டுக்கு வந்துட்டாவ. வண்டிய நிறுத்திட்டு அப்படிச் சிரிக்காவ. 'ஏலே ஆசிக், உங்க அக்கா குரங்க வெரட்டுதா, நான் கீழ கெடந்து குமிழி உள்ள போறத வேடிக்க பாத்துக்கிட்டு கெடக்கேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ. பிறகு நாங்க நாலு வீலும் மறுபடி எடுத்தோம்."

"மறுபடியா?"

"எப்பவுமே அப்படித்தானக்கா. நீங்க இங்கன மிதிச்சு முடிச்சதும் நேரா எங்கிட்ட வருவாவ. அங்கன அவிய மிதிப்பாவ, நான் கீழ படுத்துக்கிடுவேன். நான் ஷெட் போட்டு பதினாலு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து அப்படித்தான்."

ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்றது இதற்குத்தானா? மாரிச்செல்வி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை. அடுப்பில் வைத்ததை இறக்கி வைத்துவிட்டு, தீபாவளிக்கு மாவு இடிக்கக் கொடுத்ததைக்கூட அப்படியே போட்டுவிட்டு வந்து மிதித்திருக்கிறாள்.

"அப்பம் நான் எதுக்குலே இத்தன வருஷம் மிதிச்சேன்?" என்றாள்.

"நானும் ஒரு தடவ கேட்டேன்க்கா. அக்காவ ஏன் கஷ்டப்படுத்துதிய, நேரா இங்கன கொண்டு வந்துருங்களேன்னு. அதுக்கு அண்ணாச்சி சொன்னாவ, 'நானும் அவளும் சேந்து பாக்குத சோலின்னு வீட்ல வேற ஒண்ணும் கிடையாதுலே. அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் உங்கிட்டத் தந்துட்டு நான் என்ன செய்ய'ன்னு."

வேறு நாளாக இருந்திருந்தால் அதைக் கேட்டு அவளுக்குக் கோபமும் வந்திருக்கும், கண்ணும் கலங்கியிருக்கும். இப்போது அந்த வார்த்தைகள் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதம்போல அவள் மடியில் கிடந்தன. அவள் கொல்லவில்லை. அவள் விட்ட காற்றை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அதையே மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பாரம் இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. கதவைப் பிடித்திருந்த ஆசிக் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"நீங்க ஏன் தம்பி அங்கனயே பாக்கிய?"

"கடைசியா நிப்பிள மூடினது நாந்தானக்கா" என்றான். "அன்னைக்கு ஒரு பைக்குக்காரன் அவசரப்படுத்திக்கிட்டே நின்னான். பின்பக்கம் இடது வீலு, மூடினேன், ஆனா ஸ்பேனர் போட்டு முறுக்கினேனான்னு எனக்கு நிச்சயமில்ல. அது கழண்டிருந்தா எண்ணெ பூரா வடிஞ்சிருக்கும். அண்ணாச்சி இறக்கத்துல பிரேக் பிடிச்சுப் பாத்துட்டு வாரேன்னு சொல்லி ஐந்தருவி ரோட்டுல போனாவ. போன் வந்ததிலேருந்து எனக்கு அந்த ஒரு வீலுதான். தூக்கத்துலயும் அதத்தான் முறுக்கிக்கிட்டு இருக்கேன்."

"வந்து மூணு நாளாச்சு. குனிஞ்சு பாத்திருக்கலாம்லா?"

"பயமா இருந்துச்சுக்கா. வேற மெக்கானிக் வந்து பாத்துட்டா, அவன் சரி பண்ணிட்டுப் போயிருவான், எனக்கு என்னைக்கும் தெரியாமயே போயிரும். அதுக்கும் பயம்."

அவன் சொல்வதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மூன்று மாதம் குடியிருந்த வீட்டில், வேறொரு அறையில், இவனும் இருந்திருக்கிறான்.

"சரி. பாப்போம்" என்றாள். காலைத் தூக்கி மிதியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மிதித்தாள்.

இரண்டு விரற்கடை இறங்கியது. நின்றது.

இன்னும் அழுத்தினாள். அசையவில்லை. பஞ்சுத்தன்மை துளியும் இல்லை. ஒரு நல்ல பிரேக் காலுக்கடியில் எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"கல்லு மாதிரி நிக்கி" என்றாள்.

ஆசிக் நம்பவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தாலும் அப்படி நிற்கும் என்றான். முன் சக்கரத்துக்குப் போய் அதைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டான். "மிதிங்க." சக்கரம் டக்கென்று நின்றது. "விடுங்க." தாராளமாகச் சுற்றியது. அடுத்த சக்கரம். அதுவும் அப்படியே. மூன்றாவது. கடைசியாகப் பின் இடது சக்கரத்துக்குப் போனான். அவன் சுற்றிவிடுகிற சத்தம் வர ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு வந்தது. "மிதிங்கக்கா." மிதித்தாள். சத்தம் நின்றது.

அவன் கீழே படுத்து, ஸ்பேனரை நிப்பிளில் போட்டு இழுத்துப் பார்ப்பது சீட்டு வழியாக அவளுக்குத் தெரிந்தது. வண்டி லேசாக அசைந்தது, திருகு அசையவில்லை.

"முறுக்கித்தான் இருக்கு" என்ற சத்தம் வந்தது. "காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு வடியல. யா அல்லா, நான் முறுக்கித்தான் இருக்கேன்." எழுந்து வந்தவன் ஷெட் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதான். பாரம் இறங்கின மனுஷன் அழுகிற அழுகை அது. பார்த்தாலே தெரிந்தது.

மாரிச்செல்வி காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

அப்படியென்றால் பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நன்றாக இருந்த பிரேக்கை அவர் மிதிக்கவில்லை. ரோட்டில் ஓணான் ஓடினால்கூட நிறுத்திவிட்டுப் போகிற மனுஷன், ஒரு மரம் முகத்துக்கு நேராக வரும்போது மிதிக்காமல் இருப்பாரா? மிதிக்க அங்கே அவர் இல்லை. அண்ணன் சொன்னதுதான். யாரும் ஒன்றும் செய்யவில்லை. குரங்கும் செய்யவில்லை, இவளும் செய்யவில்லை, சுவரோரம் அழுதுகொண்டிருக்கிற இவனும் செய்யவில்லை.

மூன்று மாதமாக அவள் மனதில் மணிமுத்து ஐந்தருவி ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டேதான் இருந்தார். இவள் காலை எடுக்காமல் பிடித்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார். தினமும் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் உட்கார்ந்து, குரங்கு முழு வத்தலையும் தின்றால் தின்னட்டும் என்று காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தப்பு அவள் மேல் இருந்தவரை அவர் திரும்பி வர ஒரு வழி இருந்தது. இப்போது அவள் காலைப் பிடித்திருந்தாலும் ஒன்றுதான், எடுத்திருந்தாலும் ஒன்றுதான். பன்னிரண்டரை மணிக்கு அந்தப் போன் வந்தே தீரும்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அண்ணன்.

"ஏட்டி மாரி, வண்டி ரெடியா? நாளைக்கு வெள்ளன அந்தப் புனலூர்க்காரன் வந்துருவானாம்."

"அண்ணே" என்றாள்.

"என்னட்டி?"

வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து, மூன்று மாதமாக வராத அழுகை கிளம்பி வந்தது. ஆசிக் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, அவிய செத்துப்போயிட்டாவண்ணே."

அந்தப் பக்கம் சங்கரபாண்டி வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன உளறுகிறாய் என்றும் கேட்கவில்லை. இப்போதுதான் சேதி வந்து சேர்ந்ததுபோல, "இந்தா பொறப்பட்டுட்டேன்ட்டி, வாரேன்" என்றார்.